முழங்கை வரைக்கும் பச்சை

காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் பாலசுப்பிரமணி மாமா குளத்தங்கரைக்குப் போய்விடுவார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டி, உள்ளங்கையை விரித்து மெல்லத் தண்ணீருக்குள் இறக்குவார். மணிக்கட்டு முழுகும்போதே விரல்கள் மறைந்தால் பச்சை மிஞ்சிவிட்டது, கோழி எருவை நிறுத்த வேண்டும். முழங்கை தாண்டியும் விரல்கள் தெரிந்தால் தண்ணீர் பசியாக இருக்கிறது, எரு போட வேண்டும். முழங்கை முழுகும் நேரத்தில் விரல்கள் மறைந்தால் சரி. மீன் வளர்ப்பு பற்றிச் சொல்ல வந்த அரசாங்க ஆள் ஒருவர் ஒரு மத்தியான நேரத்தில் கற்றுக் கொடுத்த சோதனை இது. அதற்கு மேல் மாமாவுக்கு எதுவும் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதும் இல்லை.

"என்ன பாலா, ரேகை பாக்கிறியா?" என்பார் அந்தப் பக்கமாகப் போகும் சாகியுசா. "வெளிநாடு போற யோகம் இருக்கா சொல்லு."

"கையே தெரியலை. ரேகை எங்கே தெரியும்?"

சாகியுசா சிரித்துக்கொண்டே மரவள்ளிக் கிழங்கு மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு போவார். அவர் ஃபிஜியின் பூர்வகுடி, எங்கள் சாலையின் நிலமெல்லாம் அவருடைய குலத்துக்குச் சொந்தம். நல்ல இந்தி பேசுவார். இங்கே எல்லோரும் பேசுவது அதைத்தான், ஃபிஜியில் சமைந்த இந்தி. மாமாவின் தமிழ் அவர் அப்பாவிடமிருந்து வந்தது. கோயிலிலும் கோபத்திலும்தான் வெளியே வரும். எனக்குச் சரியான தமிழ் வந்தது சென்னையில், உதவித்தொகையில் தாவரவியல் படித்தபோது. எங்கள் சாலையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். திரும்பி வந்ததிலிருந்து மாமா என்னிடம் தமிழில்தான் பேசுவார், மற்றவர்களுக்குக் கேட்க வேண்டாத விஷயமானால் கண்டிப்பாக.

அவர் பிறந்தது சிகடோகா ஆற்றுச் சமவெளியில், இதே வீட்டில். தாத்தா மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் குத்தகை நிலத்தில் கரும்பு வைத்தார். அப்பா அதையே செய்தார். மாமாவும் அண்ணன் பல்ராமும் அதையே செய்தார்கள். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம், பல்ராம் வெட்டிய கரும்பை ரயில் பெட்டியில் ஏற்றிவிட்டு, கத்தியைக் கழுவி இறவாணத்தில் செருகிவிட்டு, ஆக்லாந்துக்குப் போனார். அந்தக் கத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறது. பிறகு குத்தகைக் காலம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. கரும்புக் காணி முழுக்கக் குலத்துக்குத் திரும்பிப் போனது. வீடும் அதன் பின்னால் எதுவும் விளையாத சேற்று மூலையும் மட்டும் மாமாவுக்கு மிஞ்சின.

அந்த மூலையில்தான் குளம் வெட்டினார். மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்து கூட வெட்டியவர் சாகியுசா. நிலம் எடுத்தது குலம், குழி வெட்ட வந்தது சாகியுசா. இரண்டையும் மாமா கலக்கவில்லை. மேட்டு ஓடையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் விட்ட அன்று மாமாவின் மண்வெட்டியைக் காணோம். கரையெல்லாம் தேடினார்கள்.

"நீ எடுத்துட்டுப் போயிட்டே," என்றார் மாமா.

"நிலத்தை எடுத்தவன் மண்வெட்டியை எடுக்க மாட்டானான்னு நினைக்கிறே," என்றார் சாகியுசா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. திலாப்பியாக் குஞ்சு விட்டார்கள். தண்ணீர் மெல்லப் பச்சையானது.

அந்தப் பச்சை என்ன என்று மாமா ஒருநாள் கேட்டார். சென்னையில் நான் வாங்கிய ஒரே சொத்து பழைய மைக்ராஸ்கோப் ஒன்று. அதை அவர் வீட்டு ஜன்னலோரம் வைத்து, குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"அய்ய, என்னடா இது, ஊர்வலம் போகுது."

பச்சையாக உருண்டு ஓடுகிறவை பாசி, ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல் என்றேன். நீளமாக, சிவப்புப் பொட்டு வைத்திருப்பது யூக்ளினா. அந்தப் பொட்டின் துணையால் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியும். செருப்பு மாதிரி இருப்பது பாரமீசியம். அது பச்சையில்லை, கிடைத்ததைத் தின்னும்.

"வாய் எங்கே?"

"பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க. அதுதான்."

"பொண்டாட்டி புள்ளை?"

"கிடையாது மாமா. வளர்ந்ததும் நடுவுல இறுகி ரெண்டாப் பிரிஞ்சிடும்."

"அப்போ அப்பன் எங்கே போனான்?"

"அவன்தான் ரெண்டாயிட்டான்."

மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "கருமாதிச் செலவு மிச்சம்," என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "குளம் வத்திப்போச்சுன்னா?" என்றார்.

"நிறைய ஜாதி சுத்தி ஒரு ஓடு கட்டிக்கிட்டு சேத்துல கிடக்கும். தண்ணி வந்தா ஓட்டை உடைச்சுக்கிட்டு வெளிய வரும்."

"அதுவரைக்கும் என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது."

"தேவலை," என்றார் மாமா.

இரண்டாயிரம் மே மாதம், தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரையும் மற்றவர்களையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று ரேடியோ சொன்னபோது, மாமா கோழி எருவைச் சல்லடையில் போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார். ரேடியோ சொல்லி முடிக்கும்வரை சலித்தார். பிறகும் சலித்தார். உர்மிளா மாமி ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து மகள் நிலேஷ்னி பாதி நாளில் திரும்பி வந்தாள். அன்று மாலை ஆக்லாந்திலிருந்து பல்ராம் போன் செய்தார்.

"போன தடவை நான் கூப்பிட்டப்பவே வந்திருக்கணும்," என்றார். "இப்பவாவது கிளம்பு. பேப்பரெல்லாம் நான் பாத்துக்கிறேன். அங்கே என்னடா இருக்கு உனக்கு?"

"மீன் இருக்கு," என்றார் மாமா.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவரும் செய்துகொண்ட பேச்சு எனக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டு பேரும் தனித்தனியாக என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாமிக்குப் போக வேண்டும். நிலேஷ்னிக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். மாமாவுக்கு இருக்க வேண்டும். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் இப்படி முடிந்தது: கோயில் திருவிழா முடிந்த திங்கட்கிழமை முதல் தடவையாக வலை போடுவது. மீன் நல்லபடியாக எடுத்தால் இருப்பது. இல்லையென்றால் போவது.

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது, நிலேஷ்னி அப்பா," என்றாள் மாமி.

"மாறாது."

திங்கட்கிழமை என்று வைத்ததற்குக் காரணம் இருந்தது. திருவிழா என்பது மாரியம்மனுக்குத் தீமிதி, அது ஞாயிற்றுக்கிழமை. காப்புக் கட்டிய நாளிலிருந்து தீ மிதிக்கிறவரை எங்கள் சாலையில் எந்த வீட்டிலும் மீன், கறி இல்லை. பத்து நாள் பருப்பும் பூசணிக்காயும் தின்ற வாய்கள் மறுநாள் மீன் கேட்கும். கடற்கரை ஓட்டல்கள் காலியாகக் கிடந்தன, அங்கே வாங்க ஆளில்லை. ஆனால் சாலையில் உள்ள எல்லா வீடும் மாமாவிடம் சொல்லி வைத்திருந்தது. சிகடோகாச் சந்தையில் கடை போட்டிருந்த கம்லா, மிச்சமெல்லாம் தனக்கு என்று சொல்லிவிட்டாள்.

மாமாவும் அந்த வருஷம் காப்புக் கட்டினார். காப்புக் கட்டியவர்கள் பத்து நாளும் கோயிலில்தான் படுக்க வேண்டும். வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாமியைக் கரைக்கு அழைத்துப் போய், கையை விட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். மாமி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையை விட்டாள்.

"தெரியலை."

"எது தெரியலை?"

"விரல் தெரியலை."

"முழங்கை முழுகிச்சா?"

"இப்பத்தான்."

"அவ்வளவுதான். இதே மாதிரி இருக்கணும். மாறினா ஆள் விடு."

அந்த வருஷம் சிக்கல் ஒன்று வந்தது. தீமிதி நாள் காலையில் பக்தர்கள் ஆற்றுக்குப் போய்க் குளித்து, அங்கே அலகு குத்தி, கரகத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்புவது வழக்கம். ஆற்றுக்குப் போகப் பெரிய சாலையில் ஏற வேண்டும், பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தில் சிப்பாய்கள் நின்றிருந்தார்கள். ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கோயில் செயலாளர் ஷிவ்னீல், மாமியின் தம்பி, டாக்ஸி ஓட்டுபவன். அவன் காப்புக் கட்டியிருந்த மாமாவிடம் வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், உங்க குளம் இருக்கில்ல. கோயில்லேருந்து கரும்புப் பாதையிலேயே வந்துடலாம். ரோட்டுல ஏறவே வேணாம்."

"கோழி எருப் போட்ட தண்ணிடா மச்சான்."

"அம்மனுக்கு எருத் தெரியாதா?"

பூசாரி நடுவில் வந்தார். ஓடைத் தண்ணீர் குழாயிலிருந்து விழுகிற இடத்தில் கரகத்தைப் பிடித்தால் போதும், குளிப்பதும் அங்கேயே குழாயடியில் குளிக்கலாம் என்றார். மாமா சம்மதித்தார். "குழாயடியில மட்டும்," என்றார். ஷிவ்னீல் தலையாட்டினான்.

நான் அப்போது லவுத்தோக்கா நகரத்தில் ஒரு பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை நடந்ததை மாமியும் ஷிவ்னீலும் சொல்லித்தான் அறிந்தேன். திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால் ஷிவ்னீல் குளத்தைப் பார்க்க வந்தான். அம்மன் இறங்கப்போகிற தண்ணீர் இப்படிக் கெட்டியான பச்சையாக இருக்கிறதே என்று அவனுக்கு மனசு ஆறவில்லை. கோயில் தொட்டியில் வருஷா வருஷம் பாசி பிடிக்கும். வருஷா வருஷம் அவன்தான் சுத்தம் செய்வான். தக்காளிச் செடிக்கு நோய் வந்தால் தெளிக்கிற மயில்துத்தத்தை, அந்த நீலக்கல்லை, ஒரு துணியில் கட்டித் தொட்டியில் ஆட்டுவான். மறுநாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதையே இங்கேயும் செய்தான். குளம் பெரிதாயிற்றே என்று கோணிச் சாக்கு நிறையக் கட்டி, கயிறு போட்டு, கரையைச் சுற்றி இழுத்தான்.

"என்னடா பண்றே?" என்று மாமி கேட்டாள்.

"சுத்தம் பண்றேன்க்கா. அத்தான் ஞாயித்துக்கிழமை வந்து பாத்து அசந்துபோகணும். சொல்லிடாதே."

மாமி சொல்லவில்லை. சுத்தம் செய்வதில் என்ன தப்பு இருக்க முடியும் என்று நினைத்தாள். மறுநாள் கையை விட்டுப் பார்த்தாள். தோள் வரைக்கும் விட்டும் விரல், மோதிரம், மோதிரத்துக் கல் எல்லாம் தெரிந்தன. மாறினால் ஆள் விடு என்று மாமா சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் இது நல்லதாகத்தானே மாறியிருக்கிறது என்று விட்டுவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, இப்போதுதான் குளம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தண்ணீருக்கு மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்தப் பச்சைதான். அத்தனை செல்லும் ஒரே சமயத்தில் செத்து அடியில் படிந்து அழுகினால், இருக்கிற மூச்சையும் அந்த அழுகல் எடுத்துக்கொள்ளும். துத்தமே மீனின் செவுளை அரிக்கும். இது பாடப் புத்தகத்தில் இரண்டு வரி.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மாமி பார்த்தது, குளம் முழுக்க வாய்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவள் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். நிலேஷ்னியை எழுப்பினாள். ஷிவ்னீலுக்கு ஆள் அனுப்பினாள். மூன்று பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குடத்தாலும் தட்டாலும் தண்ணீரை அடித்தார்கள், காற்று கலக்கட்டும் என்று. முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய நானும் பையைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் அடிப்பதற்கு அர்த்தமில்லாமல் போனது. வெள்ளை வயிறுகள் ஒவ்வொன்றாக மேலே திரும்பிக்கொண்டிருந்தன. ஷிவ்னீல் கடைசிவரை அடித்தான். போதும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

தப்பு மேளச் சத்தம் கரும்புப் பாதையில் கேட்டது.

"ஒதுக்குங்க," என்றாள் மாமி. "வழி விடணும்."

கொசுவலையை விரித்துச் செத்த மீன்களைக் குழாயடியிலிருந்து எதிர்க்கரைப் பக்கமாகத் தள்ளிச் சேர்த்தோம். ஊர்வலம் வந்தது. மஞ்சள் உடை, வேப்பிலை, கற்பூர வாசனை. அதற்குள்ளேயே மீன் வாசனை. முன்னால் வந்தவர்கள் நின்றார்கள். தப்பு அடிப்பவர் மட்டும் பார்க்கவில்லை போலிருக்கிறது, அடித்துக்கொண்டே இருந்தார்.

மாமா வரிசையில் நடுவில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கரைக்கு வந்தார். எதிர்க்கரையில் குவிந்து கிடந்ததைப் பார்த்தார். தண்ணீருக்குள் நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து தண்ணீரைப் பார்த்தார். வெட்டிய நாளுக்குப் பிறகு அந்தக் குளத்தின் அடி அன்றுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. நாங்கள் கலக்கிய ஓரம் தவிர ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. நடுவில் சேற்றில் பாதி புதைந்து அவருடைய மண்வெட்டி கிடந்தது.

"இங்கேயா இருக்கே," என்றார்.

ஷிவ்னீல் தண்ணீரிலிருந்து ஏறி வந்து அவர் எதிரில் நின்றான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அத்தான், நான்தான். சுத்தம் பண்ணலாம்னு. என்னை ரெண்டு அடி அடிங்க."

"காப்புக் கட்டியிருக்கேன்டா," என்றார் மாமா. "தள்ளு. குளிக்கணும்."

குழாயடியில் குளித்தார். அலகு குத்திக்கொண்டார். கரகம் நிரம்பியது. ஊர்வலம் திரும்பிப் போனது.

பிற்பகலில் தீ மிதித்தார்கள். மாமா நான்காவதாக இறங்கினார். சிலர் ஓடுவார்கள், சிலர் சாமி வந்து ஆடிக்கொண்டே போவார்கள். மாமா வயல் வரப்பில் நடக்கிற மாதிரி நடந்தார். நடுவில் ஒரு தடவை நின்றார். யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்துவிட்டு மீதியை நடந்தார். குழிக்கு வெளியே பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றியிருந்த இடத்தில் கால் வைத்ததும் பூசாரி பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கொப்புளமும் இல்லை.

"அம்மன் உன்னைத் தாங்கிட்டா பாலா," என்றார்.

நான் அவரைக் கொட்டகைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தேன். "சுட்டுச்சா மாமா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "தெரியலை," என்றார். பிறகு கையைத் தன் முகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "இதுவும் தெரியலை."

திங்கட்கிழமை வலையைத் தொடவில்லை. துத்தம் குடித்த மீனை யாருக்கும் கொடுக்க முடியாது, பன்றிக்குக்கூடப் போட முடியாது. சாகியுசா தன் மண்வெட்டியோடு வந்தார். பழைய கரும்புக் காணியின் ஓரத்தில், இப்போது குலத்துக்குச் சொந்தமான மண்ணில், நீளமாக ஒரு பள்ளம் வெட்டினோம். சாலையில் உள்ள வீடுகளில் பருப்பு வாசனை வந்தது.

"பாலா," என்றார் சாகியுசா, மண்ணைத் தள்ளிக்கொண்டே. "நான் உன் மண்வெட்டியை எடுக்கலை."

"பாத்தேன்."

"இப்போ எடுத்துத் தரட்டுமா?"

"கிடக்கட்டும்."

வேலை முடிந்ததும் சாகியுசா நங்கோனா கரைத்தார். அது மிளகு ஜாதி வேர், இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. குடித்தால் முதலில் உதடு மரத்துப்போகும், பிறகு நாக்கு. மாமா நான்கு சிரட்டை குடித்தார். "இதுக்கு எதுக்கு நங்கோனா," என்றார்.

அந்த வாரம் ஒருநாள் சாப்பிடும்போது மாமி பேச்சை எடுத்தாள். நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாடு இருந்த நிலையில் லவுத்தோக்காப் பள்ளியும் மூடிக் கிடந்தது.

"நிலேஷ்னி அப்பா. குஞ்சு மறுபடி வாங்கி விடலாம். அடுத்த வருஷம் பாக்கலாம்."

மாமா சோற்றைப் பிசைந்தார்.

"இது நாம பண்ணின தப்பா? ஷிவ்னீல் பண்ணினான். நான் வேடிக்கை பாத்தேன். பேச்சு அதுக்கு இல்லையே."

"மீன் எடுத்தா இருக்கிறது. எடுக்கலை."

"எனக்குப் போகணும்னுதான் இருந்துச்சு. இப்படிப் போகணும்னு இல்லை." அவள் என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவன்தானே, சொல்லேன்."

குளம் திரும்ப வரும் என்று சொன்னேன். ஓடைத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் துத்தம் குறையும், சேற்றில் ஓடு கட்டிக்கொண்டு கிடப்பவை இருக்கும், மெதுவாக வரும் என்றேன்.

"வரட்டும்," என்றார் மாமா. தட்டிலேயே கை கழுவினார். மறுநாள் மாமியையும் நிலேஷ்னியையும் ஷிவ்னீலின் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு பாஸ்போர்ட் படம் எடுக்க சிகடோகாவுக்குப் போனார். போகிற வழியெல்லாம் ஷிவ்னீல் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு ஓட்டினானாம். "ரோட்டைப் பாருடா," என்றாராம் மாமா. படத்தில் மூன்று பேரில் அவர் முகம் மட்டும் சரியாக வந்திருந்தது. அசையாமல் உட்கார்ந்தார் என்று படக்காரர் பாராட்டினாராம்.

காகிதங்கள் போய்த் திரும்பி வருவதற்கு மழைக்காலம் கடந்துவிட்டது. அந்த மாதங்களில் மாமா குளத்துப் பக்கம் போகவில்லை. காலையில் எழுந்து பல் விளக்கினார். விற்க வேண்டியதை விற்றார். கோழிகளை சாகியுசாவுக்குக் கொடுத்தார், குளத்தையும் சேர்த்து. யாராவது வந்து வருத்தம் சொன்னால் தேநீர் கொடுத்தார். பல்ராம் போன் செய்தால், "சரி, சரி," என்றார். சிப்பாய்கள் பாலத்திலிருந்து போய்விட்டார்கள் என்று நான் சொன்னபோதும் "சரி" என்றார்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை, வெறும் மண் துகள். கொஞ்சம் சேற்றைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, மழைத் தண்ணீர் விட்டு, ஜன்னலில் வைத்தேன். சில நாளில் பாரமீசியம் ஒன்று ஓரத்தில் உரசிக்கொண்டு போனது. பிறகு பச்சைப் புள்ளிகள். பிறகு சிவப்புப் பொட்டு. குளத்திலும் அப்படியே. ஒருநாள் மண்வெட்டி மங்கலாகத் தெரிந்தது. அடுத்த தடவை வந்தபோது தெரியவில்லை. மாமாவிடம் சொன்னேன். தலையாட்டினார்.

கிளம்புகிற அன்று காலையில் ஷிவ்னீல் டாக்ஸியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பெட்டிகளை ஏற்றினோம். மாமி சாமிப் படங்களை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நிலேஷ்னி ஏறினாள். மாமாவைக் காணோம்.

குளத்தங்கரையில் இருந்தார். விமானத்துக்கென்று வாங்கிய புது ஷூ சேற்றில் அழுந்தியிருந்தது. கோட்டைக் கழற்றிக் கரையில் வைத்து, வெள்ளைச் சட்டைக் கையைச் சுருட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். முழங்கை முழுகியிருந்தது. விரல்கள் தெரியவில்லை. தண்ணீர் சரியாக இருந்தது, யாரும் எரு போடாமல், யாரும் பார்த்துக்கொள்ளாமல்.

"மாமா, நேரமாச்சு."

"ம்."

கையை வெளியே எடுக்கவில்லை. வீட்டுப் பக்கமிருந்து ஷிவ்னீல் ஹாரன் அடித்தான், ஒரு தடவை மட்டும். மாமா எழுந்தார். கையைத் துடைக்காமல் கோட்டை மாட்டிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு சாகியுசா புதுக் குஞ்சுகள் வாங்கி விட்டார். நான் விடுமுறையில் வந்திருந்தபோது ஆக்லாந்திலிருந்து மாமாவின் முதல் போன் எங்கள் வீட்டுக்கு வந்தது. பழம் அடுக்கும் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். குளிர் என்றார். நிலேஷ்னி பள்ளிக்கூடம் போகிறாள் என்றார். ஒவ்வொன்றையும் ஒரே குரலில் சொன்னார்.

"ஏர்போர்ட்டுல ஒருத்தன் என் ஷூவைத் திருப்பிப் பாத்தான். அடியில சேறு. வெளிநாட்டுச் சேறு உள்ள வரக்கூடாதாம். கழட்டுன்னான். உள்ள எடுத்துட்டுப் போயி, பிரஷ் போட்டுத் தேச்சு, கழுவி, திருப்பிக் கொண்டாந்து குடுத்தான்டா. வெள்ளைக்காரன். என்னை சார்ங்கிறான்."

"நல்ல மரியாதைதான் மாமா."

"ஈரமாவே போட்டுக்கிட்டேன்."

பிறகு, "தண்ணி எப்படி இருக்கு?" என்றார்.

"பச்சையாத்தான் இருக்கு."

"எதுவரைக்கும்?"

"கையை விட்டுப் பாக்கலையே."

"பாத்துட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனேன். கரையில் உட்கார்ந்து சட்டையைச் சுருட்டிக் கையை விட்டேன். திரும்பி வந்து ஈரக் கையோடு எடுத்தபோது அந்தப் பக்கம் டெலிவிஷன் சத்தமும், மாமி யாரிடமோ உப்புக் கேட்பதும் கேட்டன.

"மாமா. முழங்கை தாண்டியும் விரல் தெரியுது. குஞ்சு வளந்துடுச்சு, தின்னுதுங்க."

"அப்போ பசி," என்றார். "சாகியுசாகிட்ட எருப் போடச் சொல்லு. காலையில போடணும், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. சலிச்சுப் போடச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.

"இன்னிக்கே சொல்லு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.